யாரையும் நனைக்காத பிள்ளை

என் கிளினிக்கில் மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன மர அலமாரி இருக்கிறது. உள்ளே விலை உயர்ந்த மருந்து ஏதோ இருப்பதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். திறந்து பார்த்தால் இரண்டு பருத்திச் சேலை, ஒரு துண்டு, ஒரு சோப்பு. ஜெயங்கொண்டத்தில் குழந்தை வைத்தியம் பார்க்க ஆரம்பித்த முதல் வாரமே இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டேன். பெண் குழந்தைகள் அடக்கமாக மேசை விரிப்பை மட்டும் நனைப்பார்கள். ஆண் குழந்தைகள் விஷயம் வேறு. துணியை அவிழ்த்ததும் காற்று படும், பயல் ஒரு நொடி யோசிப்பான், பிறகு நேரே என் தோளுக்குக் குறி வைப்பான். விலகிக்கொள்ளப் பழகியிருக்கிறேன். ஆனால் எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, வருகிறவர்கள் மட்டும் அதே ஆறு மாதத்திலும் எட்டு மாதத்திலும் நிற்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் பெரும்பாலும் அவர்களே ஜெயிக்கிறார்கள்.

தாய்மார் பதறிப்போவார்கள். கூட வருகிற மாமன்மாரும் சித்தப்பன்மாரும் பதற மாட்டார்கள். "பன்னீர் தெளிச்சான்னு நெனச்சுக்குங்க டாக்டர்" என்பார் ஒருவர். "ஒங்களுக்கு யோகம் வந்துருச்சு, எடம் வாங்கிப் போடுங்க" என்பார் இன்னொருவர். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்நேரம் முந்திரிக்காடு பாதி எனக்குச் சொந்தமாகியிருக்க வேண்டும்.

இது என் தொழிலின் வெளிச்சமான பக்கம். இன்னொரு பக்கம் கதவோரத்தில் நடக்கும். இடுப்புக்குக் கீழே குழந்தைக்கு ஏதாவது என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லமாட்டார்கள். சளி என்று வருவார்கள், பசியில்லை என்று வருவார்கள், பத்து நிமிஷம் பேசுவார்கள், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைப்பார்கள், எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பறம் டாக்டர்... பையனுக்கு அங்க கொஞ்சம் வீக்கமாட்டம் இருக்கு" என்பார்கள். 'அங்க' என்றால் எங்கே என்று கேட்டால் அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா அப்பாவைப் பார்ப்பார். நான் இருவரையும் திரும்ப உட்காரவைத்து, பையனைப் படுக்கவைத்துப் பார்ப்பேன். குடலிறக்கமாக இருக்கும், அல்லது விதைப்பையில் நீர் கோத்திருக்கும். வந்த காரணம் அதுதான், சளி வெறும் பஸ் டிக்கெட்.

நீர்க்கடுப்பு என்றால் இன்னும் சுலபம், யாரும் வாயே திறக்க வேண்டாம். குழந்தையின் கால் பெருவிரலைப் பார்ப்பேன். நகத்தின் மேல் சுண்ணாம்பு காய்ந்து போயிருந்தால், ஒன்னுக்குப் போகும்போது எரிகிறது, வீட்டில் சூடு என்று முடிவு கட்டி வைத்தியம் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். "எத்தனை நாளா எரியுது?" என்று நானே கேட்டதும் அசந்துபோவார்கள். கைராசிக்காரி என்று எனக்கு இந்த ஊரில் ஒரு பேர் உண்டு, அதில் பாதி சுண்ணாம்பு வாங்கிக்கொடுத்தது.

இப்படி விரல் நகத்தில் நோயைப் படிக்கிறவள் என்று எனக்கே என் மேல் கொஞ்சம் கர்வம் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்குச் சறுக்கியது ஒரு திங்கட்கிழமை.

அன்று காலை மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பதினோரு மாதப் பையன், அவன் அம்மா, அவளுடைய அண்ணன். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், வண்டியோடு எங்கோ போயிருந்தார். முந்தின நாள் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியிருந்தார்கள். சந்தனம் இன்னும் காயவில்லை, மொட்டைத் தலை மஞ்சளாக மின்னியது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"தலைக்குத் தண்ணி ஊத்துனது சேரல டாக்டர்," என்றார் தாய்மாமன். வேலை என்னவென்று கேட்டேன், போர்வெல்லுக்கு மோட்டார் இறக்குகிறவராம். பேச்சும் மோட்டார்தான், சுவிட்சைப் போட்டால் நிற்காது. "ஆனா புள்ள தங்கம் டாக்டர். நேத்து எம்மடியில ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தான். மொட்டை அடிக்கிறாங்க, காது குத்துறாங்க, அந்தக் கத்து கத்துறான். பட்டு வேட்டியில ஒரு சொட்டு படலங்க. எங்க சொந்தத்துல எந்த மாமனுக்கும் இந்தக் குடுப்பினை இல்ல. எங்க தாய்மாமன் எம்மொட்டைக்குக் கட்டுன வேட்டிய அப்படியே கெணத்துலதான் போட்டாரு."

"வீட்லயும் அப்படித்தானா?" என்றேன், பேச்சுக்கு.

"பொறந்ததுலேர்ந்து அப்படித்தாங்க. யாரையும் நனைச்சதே கெடையாது. துணி சும்மா ஈரமா இருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு டீசண்டு பாருங்க!"

நான் சிரித்துக்கொண்டே பையனின் வயிற்றில் கைவைத்தேன். சிரிப்பு அங்கேயே நின்றது. தொப்புளுக்குக் கீழே, இருக்கக்கூடாத இடத்தில், ஒரு சாத்துக்குடி அளவுக்குக் கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. அழுத்தினால் பையன் நெளிந்தான். நிரம்பிய மூத்திரப் பை. துணியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். ஈரமான துணிக்கு மேலே நிரம்பிய பை எப்படி இருக்கும்? காலியாகாமலே வழிந்துகொண்டிருந்தால் இருக்கும்.

நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் என்னோடு இத்தனை வருஷமாக இருந்து, நான் சொல்வதற்கு முன்னாலேயே செய்து, செய்த பிறகு என்னைத் திட்டவும் உரிமை பெற்றவள். "இவன் ஒன்னுக்குப் போறத நான் கண்ணால பாக்கணும்," என்றேன்.

"சாம்பிள் எடுக்கணுமா?"

"எடுக்கவும் செய். ஆனா பாக்கணும்."

ஒரு குழந்தை சிறுநீர் கழிப்பதைப் பார்க்கக் காத்திருப்பது என்பது, இரண்டு மணி பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி. நாம் கண்ணை எடுக்கும் நொடியில்தான் வரும். பையனைச் சுத்தம் செய்து, துணியில்லாமல் அம்மாவின் மடியில் உட்காரவைத்தோம். பால் கொடுக்கச் சொன்னேன். நர்ஸ் புதுக் குப்பியைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு எதிரே குந்தினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். முழங்கால் வலி எனக்கு அன்றைக்கென்று அதிகம்.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. "உஸ்ஸ்ஸ்" என்று ஆரம்பித்தார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது, வெளியே காத்திருந்தவர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு குழந்தைக்கு ஒன்னுக்கு வரவில்லையென்றால் அது ஊர்க் காரியம். பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் "உஸ்" என்றார், அப்புறம் இரண்டு அம்மாக்கள், அப்புறம் எல்லோரும். கிளினிக்கே பஞ்சர் ஆன டயர் போலச் சத்தம் போட்டது.

பலன் இல்லாமல் போகவில்லை. வெளியே தடுப்பூசிக்கு வந்திருந்த மூன்று குழந்தைகள் வரிசையாகப் போய்விட்டன. ஒன்று பெஞ்சில், ஒன்று அப்பாவின் செல்போனில், மூன்றாவது அந்தக் கிழவரின் மேல்துண்டில். ஒரு நாலு வயசுப் பெண் "எனக்கும் வருது" என்று அழுது, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் மொட்டையன் மட்டும் எல்லோரையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

"ஒங்க ஊர்ல தண்ணிப் பஞ்சமா சார்?" என்று நர்ஸ் தாய்மாமனிடம் கேட்டாள்.

குளிர்ந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து அடிவயிற்றில் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். சற்று நேரத்தில் அவன் விரலை வாயிலிருந்து எடுத்தான். முகம் சிவந்தது. மலம் போகிறவன் மாதிரி முக்கினான், கழுத்து நரம்பு தெரிய முக்கினான். பிறகு ஒரு சொட்டு. நிறுத்தம். இன்னொரு சொட்டு. நாலைந்து சொட்டு சேர்ந்து ஒரு மெல்லிய இழை, அதுவும் தொடையோடு ஒட்டி வழிந்தது. நர்ஸின் குப்பியில் அடிப்பாகம்கூட நிரம்பவில்லை. கலங்கலாக இருந்தது, நாற்றமும் இருந்தது.

"பாத்தீங்களா டாக்டர்," என்றார் தாய்மாமன், முகமெல்லாம் பூரிப்பு. "எவ்வளவு பதவிசா போறான்!"

"எப்பவும் இப்படித்தான் முக்குவானாம்மா?" என்று அம்மாவைக் கேட்டேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன், "அதெல்லாம் இல்லிங்க, இன்னிக்குக் காய்ச்சல்ல முக்குறான்" என்றுவிட்டார். அவள் தலையைக் குனிந்து பையனின் மூக்கைத் துடைத்தாள். நானும் மேலே கேட்கவில்லை, என் கவனம் முழுக்கப் பையனின் வயிற்றில் இருந்தது.

ஸ்கேனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. மூத்திரப் பையின் சுவர் உழைத்து உழைத்துத் தடித்திருந்தது. இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன, வலது பக்கம் ரொம்ப. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான், மொட்டைக் காய்ச்சல் என்று வந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

தாய்மாமனின் தொழிலிலேயே சொன்னேன். "மூத்திரப் பைக்குக் கீழ குழாய்ல சவ்வு மாதிரி ஒரு மடிப்பு. பொறக்கும்போதே வந்தது. ஆண் குழந்தைக்கு மட்டும் வரும். தண்ணி வெளிய போகும்போது அது விரிஞ்சு வழிய அடைச்சுக்கும். ஒரு வால்வு மாதிரின்னு வச்சுக்குங்க."

அவர் பேச்சு முதல்முறையாக நின்றது. பிறகு மெதுவாக, "வால்வத் திருப்பி மாட்டிட்டாங்களா?" என்றார்.

"அப்படித்தான்."

"அப்ப தண்ணி மேல ஏறுமே டாக்டர். பைப்பு வீங்கும். மோட்டாரு..." அவர் முடிக்கவில்லை. பையனின் முதுகைத் தொட்டார், சிறுநீரகம் எங்கே இருக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சரியான இடத்தில். "மோட்டாரு போயிருச்சா?"

"தெரியாது. இன்னிக்கே திருச்சிக்குப் போகணும். அடைப்ப எடுத்தாத்தான் எவ்வளவு மிச்சம்னு தெரியும்."

அம்மா பையனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிருமிக்கு முதல் ஊசியைப் போட்டு, திருச்சியில் எனக்குப் பழக்கமான குழந்தை அறுவை மருத்துவருக்குப் போன் பண்ணிவிட்டு, கடிதம் எழுத உட்கார்ந்தேன். பழைய விவரம் வேண்டுமே என்று அவர்கள் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். என் கையெழுத்து. ஐந்தாவது மாதத்தில் ஒரு காய்ச்சல், எட்டாவது மாதத்தில் ஒரு காய்ச்சல், இரண்டுக்கும் என்னிடம்தான் வந்திருக்கிறார்கள். முதல் தடவை 'தொண்டை லேசான சிவப்பு' என்று எழுதியிருந்தேன். காரணம் பிடிபடாத காய்ச்சலுக்குத் தொண்டை சிவப்பு என்று எழுதுவது எங்கள் தொழிலில் பழைய சமாளிப்பு, அழுகிற குழந்தைக்கு எந்தத் தொண்டைதான் சிவக்காது? இரண்டாம் தடவை 'சிறுநீர்ப் பரிசோதனை' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே முடிவு எதுவும் இல்லை. எழுதியதோடு என் கடமை தீர்ந்தது, கேட்டு வாங்கவில்லை. மருந்து கொடுத்திருக்கிறேன், காய்ச்சல் விட்டிருக்கிறது, எல்லோருக்கும் திருப்தி.

ஊரார் குழந்தையின் பெருவிரலைப் பார்த்து எல்லாம் சொல்கிற நான், என் மேசையிலேயே இரண்டு முறை படுத்திருந்தவனைப் பார்க்கவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன். என் தோளுக்கு மேலாக நர்ஸும் அதைப் படித்திருந்தாள். வழக்கமாக ஏதாவது சொல்லிக் கடிப்பவள், அன்று டீ வாங்கிவந்து வைத்தாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

திருச்சியில் குழாய் வைத்துப் பையைக் காலி செய்தார்கள், கிருமியை அடக்கினார்கள், மருந்து செலுத்திப் படம் எடுத்து அடைப்பை உறுதி செய்தார்கள். பிறகு நூல் மாதிரி ஒரு கருவியை உள்ளே விட்டு அந்த மடிப்பை வெட்டிவிட்டார்கள். வெளியே ஒரு தழும்புகூட இல்லை. குழாயை எடுத்த அன்று தாய்மாமன் போனில் கூப்பிட்டார். "டாக்டர், ஓடுதுங்க! ஃபுல் பிரஷர்ல ஓடுதுங்க!" பின்னால் ஒரே சிரிப்பும் கூச்சலும். வார்டில் நாலு படுக்கை தள்ளி இருந்தவருக்கும் பங்கு கிடைத்ததாம். வீடியோ எடுத்து லாரியில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பிவிட்டாராம், சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டுவிட்டாராம். பெரியவனானதும் பையன் இவரை என்ன செய்வானோ தெரியாது.

அறுவை செய்தவர் அன்று மாலை பேசினார். இடது சிறுநீரகம் நன்றாக மீண்டு வருகிறது. வலது பாதிதான். "கொஞ்ச மாசம் முன்னாடி வந்திருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாம் மேடம்," என்றார். அந்த நோட்டில் இருந்தது அவருக்குத் தெரியாது. "ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அம்மாவும் மாமனும் பையனும் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார்கள். ரத்தத்தில் தேங்கியிருந்த உப்பின் அளவு இறங்கியிருந்தது. தினமும் சின்ன அளவில் ஒரு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், வளர்ந்த பிறகும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரைச் சிறுநீரகத்தோடு நன்றாகவே வாழலாம், அதைச் சொன்னேன். மொட்டையில் முடி முளைத்து முள்ளம்பன்றி போல நின்றது. மேசையில் நின்று என் ஸ்டெதஸ்கோப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். சொன்னேன். "இது எட்டாம் மாசமே நான் கண்டுபிடிச்சிருக்க வேண்டியது. பரிசோதனைக்கு எழுதிட்டு, கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது."

தாய்மாமன் பதறிவிட்டார். "என்னங்க டாக்டர் நீங்க, நீங்க இல்லாட்டி புள்ளயே இல்ல. பெருமாள்தான் அன்னிக்குக் காய்ச்சலக் குடுத்து ஒங்ககிட்ட அனுப்புனாரு." எங்கே நான் மேலும் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி, மருந்து வாங்கி வருகிறேன் என்று சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா போகவில்லை. இத்தனை தடவை வந்ததில் அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை. பையனைப் பிடித்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு ரெண்டாந்தடவ வந்தப்பவே சொல்லணும்னுதாங்க வந்தேன். அவன் முக்கறது எனக்குத் தெரியும். பஸ்ஸுல வரயில மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன், இத எப்படிப் போயி சொல்றதுன்னு. நீங்க துணிய அவுத்தீங்க. அவன் பேசாம படுத்திருந்தான். நீங்க சிரிச்சீங்க. 'இப்படி நாலு சமத்துப் புள்ளைங்க வந்தா நான் நிம்மதியா வூட்டுக்குப் போவேன்'னீங்க. எங்க வூட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் மட்டுந்தான் இல்லன்னு நெனச்சேன். டாக்டரே சொல்றாங்களேன்னு வாய மூடிக்கிட்டேங்க."

அப்படிச் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் அது நான் பேசுகிற பேச்சுதான், வார்த்தை வார்த்தையாக என்னுடையது. தினமும் அப்படிப் பத்துப் பேரைச் சிரிக்கவைத்து அனுப்புகிறேன்.

நர்ஸிடம் வெளிக்கதவைச் சாத்தச் சொன்னேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "மன்னிச்சுக்கம்மா," என்றேன். "அன்னிக்குப் பஸ்ஸுல என்ன சொல்லிப் பாத்தியோ, அத இப்ப அப்படியே சொல்லு."

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு சொன்னாள். ஆரம்பிக்கும் முன் எவ்வளவு நேரம் முக்குவான், எப்போது நின்று நின்று வரும், இழை எவ்வளவு மெல்லிசு, போன பிறகும் அடிவயிறு எப்படிக் கல்லாக இருக்கும், எத்தனை நாளாக அப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த நோய்க்குப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் அறிகுறிகளில் ஒன்றுகூட அதில் விடுபடவில்லை.